தாமதமில்லாத குரல்

படம் நிற்கவில்லை. அதுதான் முதலில் உறுத்தியது.

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவன், கையில் வழியும் சோப்பு நுரையோடு அப்படியே நின்றான். உள் அறையில் மகள் அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். தினமும் இந்த நேரத்தில் கேட்கிற சத்தம்தான், ஆனால் தினமும் கேட்கிற மாதிரி இல்லை. வழக்கமாக அந்தப் பேச்சில் பாதிக்கு மேல் மௌனம்தான் இருக்கும். மனைவியின் குரல் ஏதாவது ஒரு சொல்லின் நடுவில் இழுபட்டு, கிணற்றுக்குள் விழுந்ததுபோல் நின்றுவிடும். திரையில் அவள் முகம் அரைக்கண் மூடி, வாய் கோணி உறைந்திருக்க, அதன் மேல் வெள்ளை வட்டம் ஒன்று சுற்றும். மகள் "அப்பா, அம்மா சிக்கிட்டாங்க" என்று கத்துவாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு போய், கூடத்தில் இருக்கும் நெட் பெட்டியை அணைத்துப் போடுவான். இதெல்லாம் வாடிக்கை.

இன்று யாரும் சிக்கவில்லை. உள்ளே இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முடிக்கும் முன் மற்றவள் தொடங்கினாள். ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

வேறு ஆளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். இவன் பல வருஷம் இரவெல்லாம் விழித்து லைன்களைப் பார்த்தவன். ஒரு நெட் நிறுவனத்தின் கண்காணிப்பு அறையில், குளிரூட்டி உறுமும் சத்தத்துக்கு நடுவே, எந்தக் கோடு விழுகிறது, எந்தக் கோடு எழுகிறது என்று திரைகளை முறைத்துக்கொண்டிருந்தது அவன் வேலை. அங்கே அவனுக்கு ஆந்தை என்று பெயர். அந்த வேலை ஒரு விஷயத்தை அவன் எலும்பில் ஏற்றியிருந்தது. கெட்ட லைன் கெட்டதாகவே இருந்தால் கவலையில்லை. காரணமே இல்லாமல் நல்லதானால்தான் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.

மனைவி வேறொரு நாட்டில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்த்தாள். வாய்ப்பு வந்தபோது யார் வேலையை விடுவது என்று இருவரும் பேசினார்கள். சின்னப் பெண்ணை இரவில் தனியாக வீட்டில் பூட்டிவிட்டுப் போக முடியாது. அவன் விட்டான். அதில் தியாகம், மண்ணாங்கட்டி ஒன்றுமில்லை. அந்த வேலை அவன் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான். கிளம்பும்போது விமான நிலையக் கண்ணாடிக் கதவருகே அவள் அழவில்லை. அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, "அவளை ஒரு நிமிஷம்கூடத் தனியா விட்டுடாதீங்க" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து மகளைப் பள்ளி வாசலில் விட்டு, பள்ளி வாசலில் எடுத்து, நடுவில் உள்ள நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவன் பிழைப்பு.

தூரம் அதிகம் என்பதால் இங்கே பேசியது அங்கே போய்ச் சேர்ந்து பதில் வர, எச்சில் விழுங்கும் நேரம் ஆகும். ஆரம்பத்தில் இது பெரிய இம்சையாக இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள், "நீ சொல்லு", "நீங்க சொல்லுங்க" என்பதிலேயே பாதி நேரம் போகும். கடைசியில் மனைவிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். பேசி முடித்தவர் "அவ்ளோதான்" என்று சொல்ல வேண்டும். அது காதில் விழும்வரை மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. மகளுக்கு இது விளையாட்டாகிப்போனது. "அம்மா, என் முன்பல்லு ஆடுது, அவ்ளோதான்." "டீச்சர் என்னைத் திட்டவே இல்ல, அவ்ளோதான்." போனை வைத்ததும் அந்தச் சொல்லையும் கீழே வைத்துவிடுவார்கள். நேரில் பேசும்போது அது யார் வாயிலும் வராது.

அவன் குழாயை மூடினான். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் உள்ளே பேசுவது இன்னும் தெளிவாகக் கேட்டது. ஒரு 'அவ்ளோதான்'கூட வரவில்லை.

அறை வாசலில் போய் நின்றான். மகள் கட்டிலில் குப்புறப் படுத்து, தலையணையில் சாய்த்து வைத்த டேப்லெட்டைப் பார்த்துக் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். திரையில் மனைவி. அதே வெளிர்நீலச் சீருடை, பின்னால் அதே மங்கலான சுவர், சுவரில் அதே கொக்கி, கொக்கியில் அவள் குளிர்கோட்டு. படம் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. அவள் புருவ முடியை எண்ணலாம்.

"இன்னைக்கு லைன் நல்லா இருக்கே" என்றான்.

"நல்லாத்தான் இருக்கு."

அவன் வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"சாப்டியா?"

"ஆச்சு."

"டூட்டி இல்லையா இன்னைக்கு?"

"இல்ல."

சுவரில் பந்தடித்ததுபோல் ஒவ்வொன்றும் உடனே திரும்பி வந்தது. இன்னொன்றும் இருந்தது. மனைவி எப்போதும் திரையில் தெரியும் மகள் முகத்தைப் பார்த்துப் பேசுவாள், அதனால் அவள் கண்கள் சற்றுத் தாழ்ந்தே தெரியும். இவள் நேராகப் பார்த்தாள். மகளை அல்ல, அவனை.

"என்ன, அவ்ளோதான் சொல்ல மாட்டேங்கிறே? மறந்துட்டியா?" அவன் சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

முதல்முறையாக அவள் உடனே பதில் சொல்லவில்லை. தலையை லேசாகச் சாய்த்தாள்.

"அவ்ளோதான்" என்றாள். புதுச் செருப்பைக் காலில் நுழைத்துப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு மறுபடியும், "அவ்ளோதான்." இரண்டாம் தடவை சரியாகப் பொருந்திவிட்டது. மனைவியின் இழுப்பு, மனைவியின் களைப்பு, எல்லாம் அப்படியே.

மகள் கிளுக்கென்று சிரித்தாள். "அம்மா இன்னைக்கு எல்லாத்தையும் மறந்துட்டாங்கப்பா. என் பேரையே நான்தான் சொன்னேன்."

"விளையாடியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவன் கூடத்துக்கு வந்தான். வேகமாக வந்தான் என்பது வந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

கூடம் இருட்டத் தொடங்கியிருந்தது. விளக்கைப் போடவில்லை. செருப்பு அடுக்கின் மேல் நெட் பெட்டி பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து சூடேறிய தூசியின் வாசனை வந்தது. பழைய விசிறியை மழைக்காலத்துக்குப் பிறகு முதல்முறையாக ஓடவிட்டால் வருமே, அந்த வாசனை. குளிர்ப்பெட்டி ஒருமுறை நடுங்கி நின்றது. மாடிப்படியில் யாரோ எதையோ இழுத்துக்கொண்டு ஏறிப் போனார்கள். அவன் போனில் வேகம் பார்க்கும் பக்கத்தைத் திறந்தான். தினமும் பார்க்கிறதுதான். மனைவி சிக்குகிற போதெல்லாம் பார்த்துப் பார்த்து விரலே வழி கண்டுபிடித்துப் போகும்.

முள் ஏறி இறங்கி மூன்று எண்களைத் துப்பியது. முதல் எண், பெரிய எழுத்தில், வீட்டுக்குள் இறங்கும் வேகம். ஊரே அதை மட்டும்தான் பார்க்கும், அதை வைத்துத்தான் நிறுவனத்தைத் திட்டும். இரண்டாவது, வீட்டிலிருந்து ஏறும் வேகம். நம் முகம் அடுத்தவருக்குத் தெளிவாகப் போவது அதைப் பொறுத்தது. மூன்றாவது ஓரமாக, பொடி எழுத்தில் இருக்கும். தாமதம். ஒரு கல்லை விட்டெறிந்தால் அது எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வர எத்தனை மில்லிசெகண்ட் என்கிற கணக்கு. அதை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆந்தைகள் பார்க்கும்.

மூன்றுமே நேற்றுப்போலவே கேவலமாக இருந்தன.

மறுபடி ஓட்டினான். அதே. ஏதோ ஒரு படத்தை ஓடவிட்டுப் பார்த்தான். கதாநாயகன் காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தவன், வைத்தபடியே நின்றான். வெள்ளை வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

உள் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. இருவரும் சேர்ந்து.

அவன் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். உட்கார்ந்தான், எழுந்தான். பிறகு இழுப்பறையிலிருந்து இன்னொரு போனை எடுத்தான். வேலையை விட்டபோது நிறுவனம் திருப்பிக் கேட்க மறந்த போன், அவனும் நினைவுபடுத்தவில்லை. அதில் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டான். அந்தப் பயல் இன்னமும் அதே நிறுவனத்தில்தான் இருந்தான், வாடிக்கையாளர் புகார் கேட்கிற பிரிவில்.

"சொல்லுங்க ஆந்தை மாமா. வேலையை விட்டும் வியாதி விடலையா?"

"மாப்ள, விளையாடாதே. உங்க அக்கா படம் ரொம்ப நல்லா வருது."

"வரலைன்னு காலைலேருந்து திட்டு வாங்குறேன். வருதுன்னு புகார் பண்ற முதல் ஆள் நீங்கதான். எழுதி வச்சுக்கட்டுமா?"

"வேகம் எடுத்துப் பாத்துட்டேன். ஆமை. வேற எந்தப் படம் போட்டாலும் நிக்குது. இது மட்டும் நிக்கல."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. பயல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"உங்க போன்லேருந்தும் அந்தக் கால்ல சேருங்க. அக்கா பேரை அழுத்திப் பிடிச்சா கீழ ஒரு கறுப்புப் பெட்டி வரும். அதுல அக்கா பக்கத்துத் தாமதம் மட்டும் தனியா காட்டும். என்னன்னு சொல்லுங்க."

சேர்ந்தான். திரை இரண்டு சதுரமாகப் பிரிந்தது. மேலே மனைவி. கீழே மகள், இப்போது போர்வையைத் தலைக்கு மேல் கூடாரமாகப் போட்டுக்கொண்டு, டேப்லெட் வெளிச்சத்தில் பல் தெரியச் சிரிக்கிறாள். மனைவியின் பெயரை அழுத்தினான். கறுப்புப் பெட்டி கீழேயிருந்து எழும்பி மகளின் சதுரத்தை மூடிக்கொண்டது.

"ரெண்டு" என்றான்.

"இருநூத்தி ரெண்டா?"

"ரெண்டு மாப்ள. வெறும் ரெண்டு."

"கண்ணாடி போட்டுப் பாருங்க மாமா."

"போட்டுட்டுத்தான் இருக்கேன்."

"வேகம் கூடும், குறையும். தூரம் குறையாதே. அக்காகிட்ட போய் வரணும்னா கடலுக்கு அடியில…"

"எனக்கே சொல்லிக் குடுக்காதே."

"அப்ப ரெண்டுன்னா என்னன்னும் உங்களுக்கே தெரியும்."

தெரியும். கண்காணிப்பு அறையில் இரண்டு என்று வந்தால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். இரண்டு என்றால் அதே கட்டடம். பக்கத்து மேசை. சுவருக்கு அந்தப் பக்கம்.

"மாமா, வீட்ல வேற யாராவது இருக்காங்களா?" பயலின் குரலில் கேலி போயிருந்தது.

"நானும் பாப்பாவும்தான்."

"லைன்லயே இருங்க. அக்காவுக்கு வேற போன்ல அடிக்கிறேன்."

காத்திருந்தான். வீட்டின் சத்தங்கள் ஒவ்வொன்றாக வந்து காதருகே நின்றன. சமையலறைக் குழாயிலிருந்து ஒரு சொட்டு. சுவருக்குள் மேல்வீட்டுத் தண்ணீர் இறங்கும் சலசலப்பு. ஜன்னல் திரைச்சீலை காற்றில்லாமலே கம்பியில் உரசும் மெல்லிய சத்தம். எல்லாவற்றுக்கும் அடியில், மூடிய உதடுகளுக்குள் யாரோ தாலாட்டு முனகுவதுபோல் ஒரு சத்தம், அறையிலிருந்து வருகிறதா, கையிலிருக்கும் போனிலிருந்து வருகிறதா என்று பிரிக்க முடியாமல், இரண்டிலிருந்தும் ஒரே சமயத்தில், துளி முன்பின் இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அவன் போனின் ஒலியை முழுக்கக் குறைத்தான்.

முனகல் குறையவில்லை.

"மாமா." பயலுக்கு மூச்சு வாங்கியது. "அக்கா எடுத்தா. பஸ்ல இருக்கா. இன்னைக்கு ஓவர்டைமாம், ரூமுக்கே இன்னும் போகலையாம். போய்த்தான் பாப்பாகிட்ட பேசணும்னு சொன்னா. பழக்கதோஷத்துல என்கிட்டயே அவ்ளோதான்னு சொல்லிட்டு வச்சா."

அவன் போன் திரையைப் பார்த்தான். மேல் சதுரத்தில் அந்தப் பெண் இன்னும் இருந்தாள். சிரிப்பு இல்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மெதுவாகத் திரும்பியது. திரைக்கு வெளியே, ஒரு பக்கமாக. கூடம் இருக்கும் பக்கமாக.

"மாமா, பாப்பாவைத் தூக்கிட்டு முதல்ல வெளிய வாங்க. என்ன ஏதுன்னு அப்புறம் பாக்கலாம். நம்பரைப் பாத்துக்கிட்டே போங்க. ஏறுச்சுன்னா அதை விட்டுத் தள்ளிப் போறீங்க. இறங்குச்சுன்னா…"

"தெரியும்."

பேசிக்கொண்டிருந்த போனைச் சட்டைப்பையில் போட்டான், லைனைத் துண்டிக்கவில்லை. மற்ற போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தான். கூடத்திலிருந்து அறைக்கு ஒரு சின்ன நடை. குளியலறைக் கதவைத் தாண்டிப் போக வேண்டும். தினமும் நூறு தடவை போகிற வழி. தரை குளிர்ந்திருந்தது. சுவரில் கையை வைத்தான், சுவர் சூடாக இருந்தது. அதே தூசி வாசனை, பெட்டியிலிருந்து விலகி வந்த பிறகும் விடாமல், இன்னும் கனமாக, தொண்டையில் படிகிற மாதிரி.

இரண்டு.

குளியலறைக் கதவு. ஒன்று.

மேல் சதுரத்தைப் பார்த்தான். சுவர் மட்டும் இருந்தது. கொக்கி இருந்தது. கோட்டு இல்லை. அவள் இல்லை.

முனகல் நின்றது.

அறை வாசல். விளக்கு அணைந்திருந்தது. கட்டிலில் போர்வைக் கூடாரம், உள்ளே டேப்லெட்டின் நீல வெளிச்சம். வெளிச்சத்தில் ஒரு நிழல் உட்கார்ந்திருந்தது. பெரிய நிழல். குழந்தையின் நிழலாகத் தோன்றவில்லை. போர்வை முழுக்க அடைத்துக்கொண்டு, தலை குனிந்து, தோள்கள் கூடாரக் கூரையில் முட்ட.

எண்ணைப் பார்த்தான்.

பூஜ்யம்.

கூடாரத்துக்குள்தான். அங்கேதான் இருக்கிறது. மகள் எங்கே, அந்தப் போர்வைக்குள் அதன் மடியிலா, எப்படி எடுப்பது, எதைப் பிடித்து இழுப்பது.

"அப்பா."

கதவுக்குப் பின்னால். இடுப்பு உயரத்தில். இருட்டில் இரண்டு கைகள் அவனை நோக்கி நீண்டிருந்தன. நெற்றியில் விழுந்த முடி. பூப்போட்ட சட்டை.

"தூக்குப்பா" என்றாள் ரகசியமாக. "பயமா இருக்கு. அவ்ளோதான்."

அவர்கள் வீட்டுச் சொல். குடும்பத்துக்குள் மட்டும் புழங்கும் அடையாளம். அது போதுமாக இருந்தது. குனிந்து அள்ளித் தோளில் போட்டான்.

கூடாரம் அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல். "அப்பா? யாருப்பா அது?"

மகளின் குரல். அச்சு அசல் மகளின் குரல். மனைவி குரலை எடுத்தது, இப்போது இவள் குரலையும் எடுத்துவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. கதவை இழுத்துச் சாத்தினான். வெளித் தாழ்ப்பாளைப் போட்டான். உள்ளே பாதங்கள் தரையில் குதிக்கும் சத்தம், ஓடிவரும் சத்தம், கதவில் சின்னக் கைகள் அடிக்கும் சத்தம். "அப்பா. அப்பா. கதவைத் திறப்பா."

வாசல் கதவு. படிக்கட்டு. செருப்பில்லை. ஒரு மாடி. விளக்கு எரியாத திருப்பம். இன்னொரு மாடி. தோளில் இருப்பவளின் கைகள் அவன் கழுத்தைச் சுற்றிக் கச்சிதமாகப் பிடித்திருந்தன. படிகளில் குதித்து இறங்கும்போது குழந்தை உடம்பு குலுங்கும், நழுவும், முட்டி வயிற்றில் இடிக்கும். இவள் குலுங்கவில்லை. ஒட்டவைத்ததுபோல் இருந்தாள்.

தெருவுக்கு வந்து எதிர்சாரியில் மருந்துக்கடை வெளிச்சத்தில்தான் நின்றான். தெருவில் வழக்கமான சாயங்காலம். ஒரு சைக்கிள் மணி. பேருந்து நிறுத்தத்தில் நாலைந்து பேர் போனைப் பார்த்தபடி. மருந்துக்கடைக்காரர் தெரிந்தவர், சளி மருந்து வாங்குகிற கடை. அவனைப் பார்த்ததும் சிரிக்க வாயெடுத்தார். பிறகு அவன் தோளைப் பார்த்தார். வாய் அப்படியே நின்றது. இரண்டு கையாலும் ஷட்டரைப் பிடித்துக் கீழே இழுத்தார். தகரம் தரையில் மோதியது.

சட்டைப்பையில் பயல் கத்திக்கொண்டிருந்தான். போனைக் காதில் வைத்தான்.

"வெளிய வந்துட்டீங்களா? பாப்பா?"

"தோள்ல இருக்கா."

"நல்லதாப் போச்சு. நம்பர் ஏறிடுச்சுல்ல?"

மற்ற கையிலிருந்த போனைத் திருப்பினான். வீட்டு நெட் விட்டுப்போய், போனின் சொந்த இணைப்புக்கு மாறியிருந்தது. இந்தத் தெருவில் அது நொண்டி இணைப்பு. வெள்ளை வட்டம் வந்து சுற்ற வேண்டும். கறுப்புப் பெட்டியில் எண் எகிறியிருக்க வேண்டும்.

பூஜ்யம்.

"மாமா? ஏறிடுச்சுதானே?"

தோளில் சாய்ந்திருந்த தலையை மோந்தான். மகளின் தலைக்கு ஒரு வாசனை உண்டு. எண்ணெயும் வியர்வையும் பென்சில் தூளும் கலந்த வாசனை. அது இல்லை. சூடேறிய தூசி மட்டும். டேப்லெட் வெளிச்சம் கீழேயிருந்து அடித்தால் குழந்தையின் நிழலும் போர்வையில் பெரிதாகத்தான் விழும்.

இருட்டில் நின்றுகொண்டு இவள் அவ்ளோதான் என்று சொன்னாள். நேரில். இந்த வீட்டில் யாரும் நேரில் சொல்லாத சொல்லை.

சொல்லிக் கொடுத்தது அவன்தான்.

விரலால் தொட்டுக் கறுப்புப் பெட்டியை மூடினான். அதன் அடியிலிருந்து மகளின் சதுரம் வெளியே வந்தது. டேப்லெட் தரையில் கிடந்தது போலிருக்கிறது. கூரை தெரிந்தது, கதவின் மேல்பாதி தெரிந்தது. படம் நின்று நின்று நகர்ந்தது. மகள் குனிந்து திரைக்குள் பார்த்தாள். முகமெல்லாம் ஈரம். வாய் அசைந்தது, மூடிக்கொண்டது. வெகுநேரம் ஆனதுபோல், எச்சில் விழுங்கும் நேரம் கழித்து, அவள் குரல் வந்து சேர்ந்தது.

"அப்பா, யாரைத் தூக்கிட்டுப் போனே?"

கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் இறுகின. வலிக்கும்படி இல்லை. பிரியமாக.

மேல் சதுரத்தில் சுவர் இல்லை. கொக்கி இல்லை. ஏதோ துணியின் இழைகள் தெரிந்தன, வெகு அருகில். கட்டம் போட்ட துணி. ஒரு சட்டையின் காலர். காலருக்கு மேல் வியர்த்த கழுத்து, கழுத்துக்கு மேல் ஓர் ஆணின் காது. அவன் மெல்லத் தலையை ஒரு பக்கம் சாய்த்தான். திரையில் இருந்த காதும் சாய்ந்தது. அதே நொடியில், ஒரு துளிகூடத் தாமதிக்காமல்.

பிறகு அந்தக் காது படத்தில் பெரிதாகத் தொடங்கியது.